மியாட்டா 1.6: தொங்குகிற கனெக்டர் எல்லாம் பழுது இல்லை

பானெட்டைத் திறந்ததும் எதிலும் மாட்டாமல் ஒரு கனெக்டர் தொங்கினால் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் 1990 முதல் 1993 வரை வந்த 1.6 லிட்டர் மாஸ்டா மியாட்டாவில் ஏசியையும் பவர் ஸ்டியரிங்கையும் எடை குறையட்டும் என்று கழற்றிப் போட்டவர்கள் ஏராளம். கம்ப்ரஸர் கிளட்சுக்குப் போன வயரும், ஸ்டியரிங் பம்பின் பிரஷர் சுவிட்ச் வயரும் அதன்பிறகு அனாதையாக நிற்கும். இவை இரண்டும் ஒற்றை வயர்தான். முனையில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடலாம்.

தொங்குவது எதனுடையது என்று பார்க்க முதலில் கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்னைப் பாருங்கள். சமீபத்தில் கழன்றதென்றால் உலோகம் பளபளவென்று இருக்கும். வருஷக்கணக்காகத் தொங்குவதில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்திருக்கும். அடுத்து, ஹார்னஸின், அதாவது வயர்க் கட்டின், வளைவு. முப்பது வருஷம் ஒரே இடத்தில் கிடந்த வயர் அந்த வடிவத்திலேயே இறுகிப்போயிருக்கும். கையை விட்டால் தன் பழைய இடத்தை நோக்கித்தான் திரும்பும். இழுத்து நீட்டி எட்டாத இடத்தில் மாட்ட வேண்டியிருந்தால், அது அந்த சென்சாருக்கானது இல்லை.

ஆட்கள் அதிகம் குழம்புவது வெப்பம் பார்க்கும் மூன்று கனெக்டர்களில்தான். முன்னால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இருப்பது ஃபேன் சுவிட்ச், ஒற்றை வயர். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்பக்கம், கேபினைப் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி, கை நுழையாத இடத்தில் இரண்டு இருக்கும். ஒற்றை வயர் உள்ளது டாஷ்போர்டு முள்ளுக்கு, இரண்டு பின் உள்ளது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு. முள் ஒழுங்காக ஏறுகிறது, எனவே சென்சார் நன்றாக இருக்கிறது என்பது தப்புக் கணக்கு. முள் சொல்வது ஈசியூவுக்குத் தெரியாது. அந்த இரண்டு பின் கனெக்டர் கழன்றிருந்தால் ஈசியூ தானே ஒரு நிலையான வெப்பத்தை வைத்துக்கொண்டு ஓட்டும். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிற வண்டி சூடானதும் சமர்த்தாக ஓடும். சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 20 டிகிரி செல்சியஸில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.29 முதல் 0.35 கிலோ ஓம் வர வேண்டும். ஃபேன் ஓடவில்லை என்றால் இக்னிஷனை ஆன் செய்து, பழுது பார்க்கவென்றே இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டி.எஃப்.ஏ. (TFA), ஜி.என்.டி. (GND) என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணையுங்கள். ஃபேன் சுழன்றால் மோட்டாரும் ரிலேவும் சரி. சுவிட்சையோ அதன் வயரையோ பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்டதும் உடனே நின்றுவிடுகிறதா? எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃபிளோ மீட்டரின் கனெக்டரைப் பாருங்கள். 1.6-இல் இருப்பது உள்ளே ஒரு கதவு ஆடும் பழைய வகை. கதவு திறந்தால்தான் அதற்குள்ளிருக்கும் சுவிட்ச் ஃபியூயல் பம்பை ஓடவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும் வரை பம்ப் ஓடும், சாவி திரும்பியதும் நின்றுபோகும். மீட்டருக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் கிழிந்திருந்தாலும் காற்று அந்த வழியாகப் புகுந்து இதே கூத்துதான், எனவே அதையும் மடக்கிப் பாருங்கள். 1994-இல் வந்த 1.8-இல் கதவு இல்லாத ஹாட் வயர் மீட்டர், அதற்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

ஸ்டார்ட்டர் சுற்றியும் இம்மிகூட ஸ்பார்க் இல்லையென்றால் ஹெட்டின் பின்முனையிலுள்ள, கேம்ஷாஃப்டின் நிலையை ஈசியூவுக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சாரைப் பாருங்கள். நான்கு பின். அதன் ஓ-ரிங் கசிந்து கனெக்டரில் எண்ணெய் ஊறுவது இந்த எஞ்சினின் தீராத வியாதி. காயில் கனெக்டரும் அதே மூலையில் இருப்பதால் இரண்டையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள். வால்வ் கவரைக் கழற்றி மாட்டிய கையோடு வந்த பழுதென்றால் பெரும்பாலும் இவைதான்.

ஆயில் மாற்றியபிறகு ஆயில் பிரஷர் முள் எழும்பவில்லை, எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுகிறது என்றால், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஃபில்டருக்குப் பக்கத்தில் டப்பா போலிருக்கும், முள்ளுக்குத் தகவல் அனுப்பும் சென்டரின் (sender) ஒற்றை வயர் கையில் சிக்கிக் கழன்றிருக்கும். அதை மாட்டும்வரை முள்ளை நம்பி ஓட்ட வேண்டாம், டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் நிற்கும் ஆக்சிஜன் சென்சாரும் ஒற்றை வயர்தான். நாக் சென்சாரைத் தேடி அலைய வேண்டாம், இந்த எஞ்சினில் அது கிடையாது.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: கம்பி கிளிப் உள்ள கனெக்டரில் கம்பியை நடுவில் அமுக்கிக்கொண்டே பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் பழைய காப்பு நொறுங்கும்.

ஈசியூ குறித்துவைத்திருக்கும் பழுது எண்ணான கோடை (code) எடுக்க, அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் பக்கம் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டி.இ.என்.னையும் (TEN) ஜி.என்.டி.யையும் இணைத்து இக்னிஷனை ஆன் செய்யுங்கள். செக் எஞ்சின் விளக்கு இல்லாத வண்டியில், அதே பெட்டியின் பி பிளஸ்ஸுக்கும் (B+) எஃப்.இ.என்.னுக்கும் (FEN) நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் ஒரு எல்.இ.டி.யை மாட்டினால் அது மினுக்கும். நீளமான மினுக்கல் பத்து, குட்டையானது ஒன்று. 08-உம் 10-உம் சேர்ந்து வந்தால் இரண்டு பழுது இல்லை. காற்றின் வெப்பம் பார்ப்பதும் ஏர்ஃபிளோ மீட்டருக்குள்ளேயே இருப்பதால், ஒரே கனெக்டர் கழன்றாலே இரண்டு கோட். 09 கூலன்ட் சென்சார், 15 ஆக்சிஜன் சென்சார், 02-உம் 03-உம் கேம் ஆங்கிள். சரிசெய்தபின் டிக்கியில் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பிரேக்கை 20 விநாடி மிதித்திருங்கள். பழைய கோட் அழியும்.