ஸ்கிப்டன்: கோட்டைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் ஸ்கிப்டன் ஊருக்குக் கால்வாய்ப் படகில் போயிருந்தோம். முதலில், ஊரிலிருந்து படகுக்குத் திரும்ப எடுத்த அந்த டாக்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. ஒரு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்துக்கு 14 பவுண்டு! மீட்டர் போடவில்லை. "சந்தை நாள், சுற்றித்தான் போக வேண்டும்" என்று எங்கெங்கோ வளைத்துக்கொண்டு போனார். கொட்டும் மழை, கையில் இரண்டு காய்கறிப் பைகள், பேசாமல் கொடுத்துவிட்டோம். அந்தப் பணத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்திருக்கலாம். படகில் வருகிறவர்கள் நனைந்தாலும் பரவாயில்லை, கால்வாய்க் கரையோரமாக நடந்தே திரும்புங்கள்.

படகை ஊருக்கு வெளியே கட்ட வேண்டியதாகிவிட்டது. சில்ஸ்டனில் ஒரு வார வாடகைக்கு எடுத்த 57 அடிப் படகு அது. லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் முதலில், 1773இல், திறந்த பகுதியில் போகிறோம். மலைச்சரிவின் மட்டத்தை ஒட்டியே வளைத்து வெட்டியிருப்பதால் இங்கே லாக் (படகை மேலேற்றி இறக்கும் மதகுத் தொட்டி) ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சுழல் பாலங்கள் இருக்கின்றனவே! கணவர் சுக்கானைப் பிடித்து நிற்க, ஒவ்வொரு பாலத்திலும் குதித்து இறங்கித் திறந்து மூடியது நான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊருக்குள் கரை முழுக்கப் படகுகள்.

ஊருக்குள் நுழைந்ததும் கால்வாய்ப் படகுத்துறையருகே பந்து வீசும் கோலத்தில் ஒரு வெண்கலச் சிலை: இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஃபிரெட் ட்ரூமன். 1952இல் லீட்ஸ் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில், ஒரு ரன்கூட எடுக்காமல் இந்தியா நான்கு விக்கெட்டை இழந்ததே, அதில் மூன்று இவருடையவை. கணவர் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டார். கையைப் பிடித்துத்தான் இழுத்து வந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மீனும் சிப்ஸும் என்று முடிவு செய்திருந்தோம். யார்க்‌ஷயரில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். எங்கள் வீட்டில் அது ஆகாது. கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள், அதனால் வெட்கப்படாமல் கேளுங்கள். இரண்டு கடை ஏறி இறங்கிய பிறகு, சந்தைக் கடை ஒன்றில் யார்க்‌ஷயர் கர்ட் டார்ட் கிடைத்தது. பாலைத் திரித்தெடுத்த கட்டியில் உலர்திராட்சையும் ஜாதிக்காயும் சேர்த்து மாவுக் கிண்ணத்தில் சுட்டது. ஒரு வாய் வைத்ததும் அம்மா கிண்டும் திரட்டுப்பால் நினைவுக்கு வந்துவிட்டது! சிப்ஸை மறந்து ஆளுக்கு இரண்டு தின்றோம்.

கோட்டை டிக்கெட்டின் விலையைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தோம். போனது நல்லதாயிற்று. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மூன்று வருட முற்றுகையைத் தாங்கி, 1645 டிசம்பரில்தான் பணிந்த கோட்டை. பிறகு கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அதை மீட்டுக் கட்டியவர் இங்கேயே பிறந்த ஆன் கிளிஃபர்ட். 1605இல் இறந்த தந்தை, கோட்டை உள்ளிட்ட சொத்தை மகளுக்குத் தராமல் தன் தம்பிக்கு எழுதிவைத்துவிட, ஆன் தன் உரிமைக்காகப் போராடி 1643இல்தான் அதைப் பெற்றார். முப்பத்தெட்டு வருடம்! கட்டி முடித்ததன் நினைவாக 1659இல் அவர் நட்ட யூ மரம் முற்றத்தில் இன்றும் நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கவாவது போங்கள்.

நேரம் குறைவென்றால் சந்தையை விட்டுவிடுங்கள், கோட்டையின் பின்பக்கத்தை மட்டும் விடாதீர்கள். அங்கே ஸ்பிரிங்ஸ் கிளைக் கால்வாய் ஓடுகிறது. ஒரு பக்கம் தலைக்கு மேல் செங்குத்தான பாறை, அதன் உச்சியில் கோட்டை மதில். மறுபக்கம் கீழே சலசலக்கும் ஓடை. நடுவில் ஒற்றையடிப் பாதை. குவாரியிலிருந்து டிராம் தண்டவாளத்தில் வந்த சுண்ணாம்புக் கல்லை, உயரத்திலிருந்து சரிவுக் குழாய் வழியாகப் படகுகளுக்குள் கொட்டுவார்களாம். அந்த இரைச்சல் கேட்ட இடத்தில் இப்போது ஒரு வாத்து தன் குஞ்சுகளை நீந்தப் பழக்கிக்கொண்டிருந்தது. எங்கள் படகளவு நீளமானதை உள்ளே கொண்டுபோனால் திருப்ப இடமில்லை. நடந்துதான் பார்க்க வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டதும் அங்கேதான். மரத்தடியில் அரை மணி நேரம் ஒதுங்கி, பாசி படிந்த தண்ணீரில் துளிகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருவருக்குமே கிளம்ப மனமில்லை. பைகள் நனைய ஆரம்பித்த பிறகுதான் கணவர் டாக்சிக்குப் போன் செய்தார்.