ஜேன் மேனிங்கை ஏன் விட்டார்கள்?

அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் கிறிஸ்தவச் சபையினரைப் பற்றிய நாவல் என்றாலே மேற்கே யூட்டாவுக்குக் கிளம்பும் வெள்ளைக் குடும்பம்தான் பெரும்பாலும் கண்ணில் படுகிறது. கறுப்பினத்தவரும் கூடவே போனார்களே!

ஜேன் மேனிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1843-ல் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவில் படகில் இடம் தரவில்லை. குடும்பத்தோடு, அன்று மோர்மன்கள் கூடி வாழ்ந்த நாவூ ஊர் வரை சுமார் 800 மைல் நடந்தே போனார். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, தரையில் ரத்தத் தடம் பதிந்ததை அவரே சொல்லியிருக்கிறார். பிறகு யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில், மோர்மன் கோயில் சடங்குகளுக்கு அனுமதி கேட்டுக் கேட்டே கிழவியானார். முழு அனுமதி கிடைக்காமலே 1908-ல் இறந்தார். அந்தச் சடங்குகளில் கறுப்பினத்தவருக்கு இருந்த தடை நீங்கியது 1978-ல்தான்.

எவ்வளவு பெரிய கதை இது! மார்கரெட் பிளேர் யங்கும் டேரியஸ் கிரேயும் சேர்ந்து எழுதிய மூன்று நாவல்கள் இவரைப் போன்ற கறுப்பின மோர்மன்களை நடுவில் நிறுத்தின. கிரே கறுப்பின மோர்மன், அது முக்கியம். ஆனால் மூன்று புத்தகம் எந்த மூலைக்கு?

இன்று அந்தச் சபையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறார்கள். நைஜீரியாவின் லாகோஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இந்தத் தடை பற்றித் தெரியவருகிறது என்று வையுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போவாளா, மாட்டாளா? அந்த நாவலை யாராவது எழுதுங்கள், ப்ளீஸ்.