அப்பாவுக்காகப் பதிவு செய்த இறுதிப் போட்டி

2012 ஜூலை 8, விம்பிள்டன் டென்னிஸ் இறுதிப் போட்டி, ஃபெடரரும் ஆண்டி மர்ரியும். அப்பா அப்போது அமெரிக்காவில் எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்திருந்தார். மர்ரி முதல் செட்டை எடுத்தார். மூன்றாவது செட்டில் மழை வந்து கூரையை மூடினார்கள். அதற்கப்புறம் ஆட்டம் முழுக்க ஃபெடரர் பக்கம்தான். தோற்றுப்போன மர்ரி மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் அழுததை அப்பா அன்றைக்கே மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். "இந்தப் பையன் ஒருநாள் இதே இடத்துல ஜெயிப்பான் பாரு" என்றார்.

திரும்ப ஓட்டிப் பார்க்க முடிந்தது ஹாலில் நான் வைத்திருந்த கம்ப்யூட்டரால். கேபிளில் வரும் பெரும்பாலான சேனல்கள் பூட்டப்பட்டே வரும். அந்தப் பூட்டைத் திறக்கும் வேலையை கேபிள் நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸோடு மட்டும் கட்டிவைக்காமல், வெளியில் வாங்கிய கருவியும் செய்யட்டும் என்றுதான் கேபிள் கார்டு வந்தது. பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகுவோமே, அந்த அளவில் ஒரு தகட்டு அட்டை. நிறுவனத்திடம் வாடகைக்கு வாங்க வேண்டியிருந்தது. நான் அதை எச்டிஹோம்ரன் பிரைம் என்ற பெட்டியில் செருகினேன். உள்ளே சேனலைப் பிடிக்கும் ட்யூனர்கள் மூன்று. ஒரே நேரத்தில் மூன்று சேனல்கள். கேபிள் வயர் ஒரு பக்கம், நெட்வொர்க் வயர் இன்னொரு பக்கம். வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரும் அதிலிருந்து படத்தை எடுத்துக்கொள்ளலாம்.

செருகியதும் படம் வந்துவிடாது. அட்டையின் எண், பெட்டியின் எண், இரண்டும் சேர்ந்து உருவாக்கும் இன்னொரு எண், எல்லாவற்றையும் திரையில் பார்த்துத் தொலைபேசியில் கேபிள் நிறுவனத்துக்கு ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் பக்கம் அதைப் பதிந்து இரண்டையும் ஜோடி சேர்த்தால்தான் பூட்டு திறக்கும். எனக்கு மூன்று நாள் ஆனது. ஒருவர் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டார். அதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை நேரம்.

சரி, திறந்தது. டிவி பார்க்கவும் பதிவு செய்யவும் விண்டோஸ் 7-இல் இருந்த மீடியா சென்டர் என்ற மென்பொருளில், அப்பா ரிமோட்டை வைத்துக்கொண்டு சேனல் அட்டவணையில் போய்ப் பதிவுக்கான சிவப்புப் புள்ளி வைக்கப் பழகிவிட்டார். மணிக்கு ஆறு ஜிபி வீதம் ஹார்ட் டிஸ்க் நிறைந்தது. கேபிளில் படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்பெக்-2 என்ற பழைய முறை அப்படித்தான் இடம் பிடிக்கும், ஆனால் கேபிளில் வந்த பிட்டுகளை அப்படியே எடுத்து வைப்பதால் தரம் துளியும் குறையாது. அந்த இறுதிப் போட்டி மட்டும் இருபது ஜிபி.

அக்டோபரில் அப்பா ஊருக்குத் திரும்பினார். குளிர்காலத்தில் மதர்போர்டு போயிற்று. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிய போர்டில் மாட்டினேன். கோப்பு இருக்கிறது, இருபது ஜிபியும் இருக்கிறது, திறக்கவில்லை.

காரணம் ஒரு கொடி. கேபிளில் வரும் ஒவ்வொரு சேனலோடும் நகல் பற்றிய ஒரு குறிப்பு சேர்ந்து வருகிறது: தாராளமாக நகலெடு, ஒரே ஒரு தடவை எடு, எடுக்கவே கூடாது. எங்கள் கேபிள் நிறுவனம் பெரும்பாலான கட்டணச் சேனல்களில் 'ஒரு தடவை' என்று போட்டிருந்தது. அப்படி வரும் பதிவைக் கம்ப்யூட்டர் மறுபடி பூட்டி, தன் வன்பொருளோடு கட்டிவிடும். மென்பொருள் விதிப்படிதான் நடந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். போர்டு மாறியதும் அதற்கு இது வேறு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அந்த வாரமே அப்பா போனில், "அந்த மேட்ச ஒரு டிஸ்க்ல போட்டு அனுப்பேன்" என்றார். என்ன சொல்வது?

எனக்கு இதில் இன்னும் ஆறாத வருத்தம் உண்டு. வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-லேயே, பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ டெக் பற்றிய வழக்கில், ஐந்துக்கு நான்கு என்று சொல்லிவிட்டது. அந்தக் காலத்து வீடியோ கேசட்டை எந்த டெக்கிலும் போடலாம், டெக் கெட்டால் கேசட் கெடாது. மாதாமாதம் சந்தா கட்டி, அட்டைக்கும் வாடகை கட்டிப் பதிவு செய்தவனுக்கு அந்த அளவு உரிமையாவது இருக்க வேண்டாமா?

புதிய போர்டில் லினக்ஸும், டிவி பதிவு செய்யும் இலவச மென்பொருளான மித்டிவியும் போட்டேன். மித்டிவி அதே பெட்டியிலிருந்து பதிவு செய்யும், ஆனால் 'தாராளமாக' என்ற கொடி உள்ள சேனல்களை மட்டும். எங்களுக்கு அதில் உள்ளூர் சேனல்களும் இன்னும் நாலைந்தும் தேறின. 2012 அக்டோபரில்தான் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, முழுக்க டிஜிட்டலான கேபிள் நிறுவனங்கள் உள்ளூர் சேனல்கள் அடங்கிய அடிப்படைத் தொகுப்பையும் பூட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தது. அதற்கு முன் உள்ளூர் சேனல்களுக்கு அட்டையே வேண்டியிருக்கவில்லை, சாதாரண ட்யூனர் போதும்.

விளையாட்டுச் சேனல்களுக்கு வேறு வழி பிடித்தேன். எங்கள் செட்டாப் பாக்ஸின் பின்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று காம்போனென்ட் வயர்கள் போகும் துளைகள் இருந்தன. அதில் வருவது பூட்டு இல்லாத அனலாக் படம். ஹாப்பாக் எச்டி பிவிஆர் என்ற பெட்டி அந்தப் படத்தை வாங்கி, இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.264 என்ற முறைக்கு மாற்றி யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். சேனல் மாற்ற, ரிமோட் போலவே மின்னும் ஒரு அகச்சிவப்பு விளக்கைச் செட்டாப் பாக்ஸின் கண்ணுக்கு நேராக ஒட்ட வேண்டும். ஒட்டு இளகினால் தவறான சேனல் பதிவாகும். எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது. மறுபடி சுருக்குவதால் படம் கொஞ்சம் மென்மையாகிவிடும். புல்தரையில் அது தெரியும், பந்தில் தெரியாது.

2013 ஜூலை 7 அன்று காலை அந்த விளக்கை மூன்று தடவை சோதித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மர்ரி, ஜோகோவிச். நேர் செட்டுகளில் மர்ரி. பதிவு பதினொரு ஜிபி வந்தது. பென் டிரைவின் எஃப்ஏடி32 அமைப்பில் ஒரு கோப்பு நான்கு ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் மூன்றாக வெட்டினேன். டிசம்பரில் ஊருக்குப் போனபோது கையில் கொடுத்தேன்.

அப்பா முதல் இரண்டு கோப்புகளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். மூன்றாவதில் கடைசி கேம் இருக்கிறது: மூன்று மேட்ச் பாயின்ட்களை மர்ரி விட்டுவிட்டு, நாலாவதில் முடிக்கும் அந்தப் பன்னிரண்டு நிமிடம். நான் இருந்த மூன்று வாரமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் லேப்டாப்பைத் திறந்து அதைத்தான் போடுவார். என்னையும் கூப்பிடுவார்.