செல்லாமப் போன வோட்டையும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணுங்க

இலங்கை மலையகத்துல, அதாவது தேயிலைத் தோட்டத்துத் தமிழ் சனத்தோட அரசியல்ல ஆய்வுன்னு எடுத்தா ரொம்பக் காலமா ஒரே பாதைதான், 1947ல இலங்கை இந்தியன் காங்கிரஸ் பாராளுமன்றத்துல ஆசனம் எடுத்தது, 1948ல பிரஜாவுரிமை பறிபோனது, அப்புறம் தொழிற்சங்கம், சங்கத் தலைவர், தோட்டத்து வோட்டு மொத்தமா எந்தப் பக்கம் சாயும். அதெல்லாம் கட்டாயம் படிக்கணும்தான். ஆனா இப்ப தேர்தல் ஆய்வு பண்றவங்க யாரு ஜெயிச்சாங்கறதோட நிக்கிறதில்ல, போட்ட வோட்டு சரியா எண்ணப்படுதா, பிரசாரக் காசு எங்கருந்து வருது, ஜெயிச்ச பிறகு சனத்துக்கு என்ன வந்து சேருதுன்னு போறாங்க. நமக்கு வேண்டியதும் அதுதான்.

2024ஐ எடுங்க. செப்டம்பர்ல ஜனாதிபதி தேர்தல், 1, 2, 3னு விருப்பு போடலாம்னு சொல்லிக் குடுத்தாங்க, ரெண்டாவது விருப்ப எண்ணினதே நாட்டுல அப்பதான் முதல் தடவ. ரெண்டு மாசம் முடியல, பொதுத் தேர்தல் வந்துருச்சு, இதுல கட்சிக்கு ஒரு புள்ளடி (X), கீழ உள்ள வேட்பாளர் இலக்கங்கள்ல மூணு வரைக்கும் புள்ளடி, வேற ஒண்ணும் எழுதக் கூடாது. எங்க லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அக்கா ஒருத்தவங்க வோட்டு போட்டுட்டு வந்து "மூணு பேருக்கும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு போட்டுட்டேன் தம்பி"ன்னு அவ்வளவு சந்தோசமா சொன்னாங்க, எனக்கு வார்த்தையே வரல. அந்தத் தேர்தல்ல நாடு முழுக்க 6 லட்சத்துக்கு மேல வோட்டு நிராகரிக்கப்பட்டுச்சு, செப்டம்பர்ல இருந்தத விட ரெண்டு மடங்கு.

இதுல தோட்டத்து வோட்டு எவ்வளவு? பேப்பர்ல வாறது தொகுதிக் கணக்கு, நுவரெலியா-மஸ்கெலியா தொகுதின்னா ஹட்டன் டவுனும் எல்லாத் தோட்டமும் ஒண்ணாக் கலந்துதான் கிடக்கும். அதனால கொழும்புல உக்காந்து எக்ஸல்ல பாத்தா இது புரியாது, வாக்குச்சாவடி இருக்கிற தோட்டத்துக்கே போய், யாரு சொல்லிக் குடுத்தாங்க, எந்தப் பாஷையில சொன்னாங்க, மாதிரி வாக்குச்சீட்டக் கண்ணால பாத்தாங்களான்னு லயத்துல உக்காந்து கேக்கணும். கொழுந்து எடுக்கிற பொம்பளைங்ககிட்ட முதல்ல கேக்கணும்.

இன்னொண்ணு பிரதேச சபை, அதாவது ஊர்ப்புறத்து உள்ளூராட்சி சபை. பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவ 2018ல திருத்தின பிறகுதான் சபைக் காசுல தோட்டத்துக்குள்ள வேலை செய்ய வழி வந்துச்சு. அதுக்கப்புறம் எந்தச் சபை எந்தத் தோட்டத்து டிவிசன் (தோட்டப் பிரிவு) ரோட்டுக்கு எவ்வளவு செலவழிச்சுச்சு? கெம்பஸ்ல கடைசி வருச ஆய்வுக்குத் தலைப்பு தேடுற தம்பி தங்கச்சிங்க இத எடுங்க, தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போய் ஆளுங்கள அறிமுகப்படுத்தி விடுறது என் பொறுப்பு.