சஃபோக் கிராமத்தில் ஒரு நாள் பூத் வேலை

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் முதல் நாளே ஒரு பையில் போர்வையும் சீப்பும் எடுத்து வைத்துக்கொண்டு பூத் வேலைக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்து அவர் தூங்கும் தூக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதே வேலையை நானும் ஒரு நாள் பார்த்தேன். 2023 மே 4ஆம் தேதி, இங்கிலாந்தில், மிட் சஃபோக் மாவட்ட கவுன்சில் தேர்தலில்.

இங்கே ஆசிரியர்களைக் கட்டாயப்படுத்தி அழைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும், எந்த வேட்பாளருக்கும் பிரசாரம் செய்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிரிட்டிஷ் குடியுரிமை கேட்கவில்லை. வாக்களிப்பதும் அப்படித்தான். இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாடுகளின் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு இங்கே முறையாகக் குடியிருப்பவர்கள் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டால் ஓட்டுப் போடலாம், நாடாளுமன்றத் தேர்தல் உட்பட. வந்து பத்து வருடமாகியும் இது தெரியாத நம்மவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்ததும் ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டேன். அதனால்தான் கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அன்று முழுவதும் சாவடியை விட்டு நகர முடியாது என்பதால் என் சொந்த ஓட்டைத் தபாலில் முன்பே அனுப்பிவிட்டேன்.

காலை ஆறரைக்குக் கிராமக் கூடத்தில் இருந்தோம். தலைமை அலுவலர் ஒரு அம்மா, பல தேர்தல் பார்த்தவர். அவரோடு நானும் இன்னொருவரும் கிளார்க்குகள். மடக்கு மறைப்புகளை விரித்தோம், ஒவ்வொன்றிலும் ஒரு பென்சிலை நூலில் கட்டினோம், சக்கர நாற்காலியில் வருபவருக்காக ஒன்றைத் தாழ்வாக வைத்தோம். ஏழு மணி ஆகப்போகும்போது அந்த அம்மா காலிப் பெட்டியைக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டினார். பிறகுதான் சீல் வைத்தார். அறையில் நாங்கள் மூன்று பேரும், நாயோடு வந்து நின்ற ஒரு பெரியவரும்தான் இருந்தோம். அந்த ஒருவருக்காக அவ்வளவு பொறுமையாகப் பெட்டியின் நான்கு பக்கமும் திருப்பிக் காட்டினாரே, எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

என் வேலை இதுதான். வருகிறவர் பெயரும் முகவரியும் சொல்வார். அடையாள அட்டையில் முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டியலில் அவர் எண்ணைக் கண்டுபிடித்து உரக்கச் சொல்லி, அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுக்க வேண்டும். இன்னொரு தாளில் சீட்டு எண்ணுக்கு நேராக அவருடைய எண்ணைக் குறிக்க வேண்டும். சீட்டை விரித்துக் காட்டி, எத்தனை பேருக்குப் போடலாம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் வார்டில் இரண்டு கவுன்சிலர்கள் என்பதால் இரண்டு பெருக்கல் குறி வரை போடலாம். பெயருக்கு எதிரே ‘ஏ’ என்று இருந்தால் அவர் தபால் வாக்காளர், சீட்டுக் கொடுக்கக் கூடாது. நிரப்பிய தபால் உறையை எடுத்து வந்திருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். விரலில் மை கிடையாது, இயந்திரம் கிடையாது. காகிதம், பென்சில், தகரப் பெட்டி.

முகம் பார்க்கும் அந்த வேலைதான் புதியது. இங்கிலாந்து முழுக்கப் புகைப்பட அடையாளம் கேட்ட முதல் தேர்தல் அதுதான். அதுவரை பெயரும் முகவரியும் சொன்னால் போதும். 2022ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம் அதை மாற்றிவிட்டது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், மூத்தோர் பஸ் பாஸ் எல்லாம் செல்லும். நம் இந்திய பாஸ்போர்ட்டும் செல்லும். காலாவதி ஆகியிருந்தாலும் முகம் ஒத்துப்போனால் சரி. முகவரியைப் பார்ப்பதில்லை. எதுவுமே இல்லாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் இலவசமாக வாக்காளர் சான்றிதழ் உண்டு; அந்தத் தேர்தலுக்கு ஏப்ரல் 25 மாலை ஐந்து மணி வரைதான் கெடு.

ஒரு பாட்டி பாஸ்போர்ட் முடிந்துபோனது என்று பயந்துகொண்டே வந்தார். பரவாயில்லை என்றதும் கண் கலங்கிவிட்டார். கல்லூரி மாணவன் ஒருவன் புகைப்படத்தோடு கூடிய பல்கலைக்கழக அட்டையை நீட்டினான். அது செல்லாது. பெரியவர்களின் பஸ் பாஸ் செல்லும், மாணவனின் அட்டை செல்லாது என்பதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. நல்லவேளை, வீட்டுக்கு ஓடிப்போய் உரிமத்தை எடுத்து வந்துவிட்டான்.

பதினோரு மணி இருக்கும், இஸ்திரி போட்ட கோட்டும் டையுமாக ஒருவர் வந்தார். எண்பது வயதுக்கு மேல். பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. கண் பார்வை குறைந்ததும் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸே வராத ஊரில் பஸ் பாஸ் எதற்கு என்று வாங்கவில்லை. தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வரும், புகைப்படம் இல்லாத வாக்காளர் அட்டையை மட்டும் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். சட்டப்படி மறுக்கும் அதிகாரம் தலைமை அலுவலருக்கு மட்டும்தான், எனவே அந்த அம்மா எழுந்து வந்தார்.

“என்னை உனக்கு எத்தனை வருஷமா தெரியும்?” என்று கேட்டார் பெரியவர்.

“முப்பது வருஷமா தெரியும்” என்றார் அந்த அம்மா. “ஆனா இப்ப அது போதாதுங்க.”

அவர் சண்டை போடவில்லை. அட்டையை எடுத்து மெதுவாக மடித்து அதே பையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, வாசல் வரை கூடவே போய் வழியனுப்பினார். திரும்பி வந்து மறுத்ததைப் படிவத்தில் குறித்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தத் தேர்தலில் இங்கிலாந்து முழுக்க இப்படித் திரும்பிப் போய் மறுபடி வராதவர்கள் குறைந்தது 14,000 பேர் என்று தேர்தல் ஆணையம் பிறகு கணக்குச் சொன்னது. சாவடிக்கு வந்தவர்களில் அது 0.25 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் அதில் ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்றவர்.

மத்தியானம் கூட்டம் இல்லை. கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர்களால் வரிசை நீண்டது. வாசலில் கட்சி ரிப்பன் பூ குத்திய இரண்டு பேர், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், ஒரே பிளாஸ்கில் டீ குடித்தபடி வாக்காளர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல விருப்பமில்லாதவர் பேசாமல் போகலாம்.

பத்து மணிக்கு மூடினோம். கணக்குப் பார்ப்பதுதான் கடினம். வந்த சீட்டு, கொடுத்த சீட்டு, பழுதானது, மீதி எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இரண்டு தடவை எண்ணினோம். பட்டியலை உறையில் போடும் முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை பார்த்தேன். காலையில் திரும்பிப் போன பெரியவரின் பெயர் மேல் கோடு இல்லை. மறுநாள் செய்தியில் எங்கள் மாவட்டம்தான்: 34 இடங்களில் பசுமைக் கட்சிக்கு 24. இங்கிலாந்தில் அந்தக் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்ற முதல் கவுன்சில்.

அடுத்த வருடம், 2024 மே 2 அன்று, காவல் ஆணையர் (காவல்துறையை மேற்பார்வையிட மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்) தேர்தலுக்கு அதே கூடத்தில் மறுபடி வேலை கிடைத்தது. அதிகம் பேர் எட்டிப் பார்க்காத தேர்தல். பதினோரு மணிவாக்கில் அதே கோட்டு, அதே டை. உள்பையிலிருந்து நான்காக மடித்த ஏ4 தாளை எடுத்து மேசையில் விரித்து, கையால் நீவிவிட்டார். மூலையில் அவர் புகைப்படம். பெயரையும் முகவரியையும் சொன்னார். நான் எண்ணை உரக்கச் சொல்லி, அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தேன்.