அறுபத்தொன்றாவது பெயர்

"எனக்காகப் பார்க்காதீங்க சார், அந்தப் பிள்ளைக்காகப் பாருங்க." 2015 ஜூலை 31 அன்று மாலை, பிள்ளைகள் போன பிறகு, தலைமை ஆசிரியரான என் மேசைக்கு எதிரே நின்றபடி எங்கள் பள்ளி டீச்சர் சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அவர் அப்படித்தான் சொன்னாரா என்பது பத்து ஆண்டுகள் கழித்தும், ஓய்வு பெற்ற பின்னும், எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கைக்கு எங்கள் பணியில் என்ன பொருள் என்பதைச் சக ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதை வைத்துத்தான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்பது முடிவாகும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் பதிவேட்டில் அன்று 61 பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயர். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து அவள் ஒரு நாளும் வரவில்லை. தாய் தந்தையர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போயிருந்தார்கள். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளையும் அழைத்துப் போய்விட்டதாக ஊரில் சொன்னார்கள். அந்தப் பெயரை நீக்கினால் 60. அறுபது என்றால் பணியில் இளையவரான டீச்சர் உபரி; அடுத்த பணி நிரவலில் அவர் வேறு பள்ளிக்குப் போக வேண்டும்; ஐந்து வகுப்புகளையும் நானும் இன்னொருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு ஒருவருக்கு, மூன்று முதல் ஐந்து வரை எனக்கு, அதிலும் பாதி நாள் எனக்கு அலுவலகத்தில் கூட்டம் என்றால் அந்த மூன்று வகுப்பும் சட்டாம்பிள்ளையின் பொறுப்பில் இருக்கும்.

பெயரை நான் நீக்கவில்லை.

இதில் நான் பொய்யாக எதுவும் எழுதவில்லை என்பதைப் பல முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது உண்மையும்கூட. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் அவள் வரவில்லை என்றுதான் குறித்தோம். சத்துணவுக் கணக்கில் அவளுக்கு ஒரு பிடி அரிசி கூடுதலாக எழுதப்படவில்லை. அன்றைய சர்வ சிக்ஷா அபியான் பள்ளி மானியம் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5,000 ரூபாய். தலை எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அதில் மாற்றமில்லை. அவளுக்கு வந்த நான்கு இணை விலையில்லாச் சீருடையும் பிரிக்கப்படாமல் பீரோவில் இருந்தன. வழங்கல் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இடம் காலியாகவே இருந்தது. நாடு முழுவதும் பள்ளி விவரங்களைத் திரட்டும் ஆண்டுக் கணக்கெடுப்பான யு-டைஸின் செப்டம்பர் 30 நிலவரத்துக்கான படிவமும் வகுப்புவாரியாக எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எண்ணிக்கையைத்தான் கேட்டது. அவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்கவில்லை. இரண்டாம் வகுப்பு, பெண், என்ற கட்டத்தில் நான் எழுதிய எண் பதிவேட்டோடு பொருந்தியது. தணிக்கைக்கு வந்த எவரும் அதில் குறை காண முடியாது, காணவும் இல்லை.

அவளுடைய பாட்டியை நான் ஒரு முறை போய்ப் பார்த்ததும் உண்மை. "தீபாவளிக்கு வந்துருவாங்க சார், பேரை மட்டும் எடுத்துராதீங்க" என்றார் அந்த அம்மா. எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. ஆகவே, திரும்பி வரும் பிள்ளைக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தேவையான எல்லாம் கையில் இருந்தன. ஆனால் பாட்டியின் வீட்டுக்கு நான் போனது ஜூலை கடைசி வாரத்தில். ஜூன் முழுவதும் அவள் வராதது என் கண்ணில் பட்டதாகவே நினைவில்லை. எண்ணிக்கை 61 என்று தெரிந்த பிறகுதான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போனபோதும் திருப்பூரில் எந்தப் பகுதி, யாருடைய கைபேசி எண்ணாவது இருக்கிறதா என்று கேட்காமல், வருவார்கள் என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இங்கேதான் டீச்சரின் வாக்கியம் மறுபடி வந்து நிற்கிறது. பெயரை எடுத்துவிட்டால் அவள் இடைநின்றவளாகிவிடுவாள், வேண்டாம் என்பது அதன் பொருளாக இருக்கலாம். அன்று நான் அப்படித்தான் கேட்டேன். பெயரைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தேடிப் போங்கள் என்றும் அவர் சொல்லியிருக்கலாம். அவர் குரலை நினைவிலிருந்து எத்தனை முறை எடுத்துக் கேட்டாலும் இரண்டுக்கும் அது பொருந்துகிறது. தன் இடமாறுதல் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தன்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும், அப்படிச் சந்தேகப்பட எனக்கு என்ன உரிமை என்றும் மாறி மாறி நினைத்திருக்கிறேன்.

அதைவிட அதிகமாக என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. உபரி என்று காட்டப்படும் ஆசிரியர் காற்றில் கரைந்துவிடுவதில்லை. ஆள் பற்றாக்குறை உள்ள இன்னொரு பள்ளிக்குப் போகிறார். எங்கள் ஒன்றியத்திலேயே தொண்ணூறுக்கு மேல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு பேர் திண்டாடிய பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைமை ஆசிரியரோடு மாதக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். என் பள்ளியில் தங்கிய மூன்றாவது ஆசிரியர் ஒருவேளை அவருக்குப் போயிருக்க வேண்டியவர். நான் காப்பாற்றியது என் பள்ளிப் பிள்ளைகளை என்றால், யாருடைய கணக்கிலிருந்து என்று கேட்க வேண்டுமல்லவா? அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், என் 60 பிள்ளைகளை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும், அவர் பிள்ளைகளைத் தெரியாது என்பதால், அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஜூனில் முதல் வகுப்பில் கூடுதலாகச் சேர்ந்தார்கள். அவள் பெயர் இல்லாமலேயே எண்ணிக்கை 61ஐத் தாண்டிவிட்டது. ஆசிரியர் பணியிடத்துக்காகத்தான் பெயரை வைத்தேன் என்றால் அப்போது நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. தேக்கம் கூடாது, அதாவது யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது, என்ற விதியைக் காரணம் காட்டி, ஓராண்டாக முகமே பார்க்காத பிள்ளையை மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் என் கையால் எழுதினேன். அன்பா, சோம்பலா என்று இப்போது கேட்டால், பயம் என்றுதான் சொல்வேன். சேர்க்கை நீக்கப் பதிவேட்டில் நீக்கம் என்று எழுதினால் காரணமும் தேதியும் எழுத வேண்டும். ஓராண்டு தாமதம் ஏன் என்று அலுவலகம் கேட்கும். ஒரு முறை சரியென்று எழுதிவிட்ட எண்ணைத் திருத்துவது, தவறாக ஒரு எண்ணை எழுதுவதைவிடக் கடினம் என்பதை அந்த ஆண்டு கற்றுக்கொண்டேன்.

2018 தொடக்கத்தில் திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "சார், எங்க நாலாம் கிளாஸ் பிள்ளை ஒருத்தியோட எமிஸ் நம்பர் உங்க ஸ்கூல்ல நிக்குது. காமன் பூலுக்குத் தள்ளி விட்டீங்கன்னா நான் எடுத்துக்குவேன்" என்றார். எமிஸ் என்பது பிள்ளைகளின் விவரங்களைப் பெயர்வாரியாக வைத்திருக்கும் அரசின் கணினிப் பதிவு; ஒரு பள்ளி விடுவிக்கும் பிள்ளையை இன்னொரு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொது இடம் அதிலுள்ள காமன் பூல். எப்போது சேர்ந்தாள் என்று கேட்டேன். மாற்றுச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதால் 2015 ஜூலையிலேயே சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். பிறகு, நல்ல வேளையாக, "நல்லாப் படிக்கிறா சார்" என்றும் சொன்னார். கணினியில் இரண்டு சொடுக்குகளில் அவள் என் பள்ளியிலிருந்து போய்விட்டாள்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அவள் படித்துக்கொண்டிருந்தாள், தம்பியைத் தூக்கிக்கொண்டு லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. அன்றிரவுதான் மற்றது உறைத்தது. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் நான் கதவைத் திறந்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் ஏற்கெனவே இன்னொரு கதவு வழியாக உள்ளே போயிருந்தாள். செப்டம்பர் 30 அன்று அவள் ஒருத்தி, ஒரே மாநிலத்தில், இரண்டு படிவங்களில், இரண்டு பிள்ளைகளாக இருந்தாள்.

அதன் பிறகு தேசியப் புள்ளிவிவரங்களைப் பழைய கண்ணோடு என்னால் படிக்க முடியவில்லை. 2021-22ஆம் ஆண்டில் தொடக்க நிலை மொத்தச் சேர்க்கை விகிதம் 103.4 சதவீதம் என்று அறிக்கை சொன்னது. அந்த வயதுப் பிள்ளைகள் நூறு பேருக்கு அந்த வகுப்புகளில் சேர்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அது. வயது கூடிய, குறைந்த பிள்ளைகளும் சேர்ந்தவர்கள் கணக்கில் வருவதால் அந்த விகிதம் நூறைத் தாண்டலாம் என்பதும், 2021இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால் வகுக்கும் மக்கள்தொகையே 2011ஐ வைத்து முன்கணித்தது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மூன்றைப் பார்த்தபோது நான் எழுதிய கட்டம்தான் கண்ணில் வந்தது. 2022-23இல் யு-டைஸின் புதிய வடிவமான யு-டைஸ் பிளஸ், எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியது. நாட்டின் மொத்தப் பள்ளிச் சேர்க்கை அதற்கு முந்தைய ஆண்டின் 26.52 கோடியிலிருந்து 25.17 கோடியாகவும், 2023-24இல் 24.80 கோடியாகவும் இறங்கியது. பிறப்பு விகிதமே குறைந்துகொண்டு வருவதால் இந்தச் சரிவு முழுவதையும் இரட்டைப் பதிவின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் பெயர் கேட்டவுடன் ஒரே ஆண்டில் ஒரு கோடிக்கு மேல் குறைந்தது என்ற செய்தியைப் படித்தபோது, மற்றவர்களைப் போல "எவ்வளவு மோசடி பாருங்கள்" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதில் எத்தனை பேர் பணத்துக்காக வைத்த பெயர்கள், எத்தனை பேர் ஒரு வாத்தியாரைத் தக்கவைக்க வைத்த பெயர்கள் என்று எந்த அட்டவணையும் பிரித்துக் காட்டாது. 2024-25 அறிக்கைப்படி ஓராசிரியர் பள்ளிகள் மட்டும் 1,04,125. எத்தனை பள்ளிகளில் இரண்டாவது ஆசிரியர் ஒரு பெயரை நம்பி இருக்கிறார் என்பதற்கும் கணக்கில்லை.

கோத்தாரி குழு 1966இல் தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிடச் சொன்னது. 1968, 1986, 2020 என்று வந்த கொள்கைகள் எல்லாம் அதையே திரும்பச் சொல்கின்றன. உண்மையான செலவு 4.43 சதவீதம் அளவில்தான் என்பதையும் 2020 கொள்கையே ஒப்புக்கொள்கிறது. அந்தச் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். ஐந்து வகுப்புக்கு ஐந்து பேர் என்று அரசு கொடுத்திருந்தால் நான் ஏன் ஒரு பெயரைப் பிடித்துத் தொங்கப் போகிறேன் என்று வாதாடத் தோன்றுகிறது. வாதம் பலமானதுதான். ஆனால் ஜூலை கடைசி வாரத்தில் பாட்டியிடம் ஒரு கைபேசி எண்ணைக் கேட்பதற்கு ஆறு சதவீதம் தேவைப்பட்டிருக்காது.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் பணி நிறைவு விழாவில் டீச்சரைப் பார்த்தேன். 2017 கலந்தாய்விலேயே விருப்ப மாறுதலில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விட்டவர் அவர். சாப்பாட்டுப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். அந்த மாலை நீங்கள் சொன்னதற்கு என்ன பொருள் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவரே கேட்டார்: "சார், அந்த ரெண்டாம் கிளாஸ் பிள்ளை என்ன ஆனா?"

"திருப்பூர்ல படிச்சிருக்கா டீச்சர். நல்லாப் படிச்சாளாம்."

"அப்பாடா" என்றார். இலையில் விழுந்த சாம்பாரை ஒதுக்கிவிட்டு, "யார் சார் தேடிப் போனது?" என்று கேட்டார்.

எமிஸில் தெரிந்தது என்றேன்.