உப்பளத்து ஊர்ல கார் ஃபேக்டரி

எங்க தூத்துக்குடினா உப்பு, ஹார்பர், மக்ரூன், இதுதான எல்லாருக்கும் தெரியும். இப்போ கார் கம்பெனியும் வந்துருச்சு. வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட், 2024 பிப்ரவரில சில்லாநத்தம் சிப்காட்ல அடிக்கல் நாட்டுனாங்க, 2025 ஆகஸ்ட் 4-ந்தேதி முதலமைச்சர் ஸ்டாலின் வந்து தொறந்தே வச்சுட்டாரு, ஒன்றரை வருசம் கூட ஆகல, எங்க தெரு பாலம் வேலையே அதவிட லேட்டு (அத விடுங்க). 400 ஏக்கர், மொதல்ல வருசத்துக்கு 50,000 எலக்ட்ரிக் கார், 3,000-க்கு மேல வேலைனு சொல்றாங்க.

ஏன் இங்க வந்தாங்கன்னு யோசிச்சா ஹார்பர்தான் காரணம்னு தோணுது, பார்ட்ஸ் கப்பல்ல வந்து இறங்கும், இங்க மாட்டி காரா ஆக்கணும், ஏத்துமதிக்கும் அதே ஹார்பர். ஆனா பார்ட்ஸ் எல்லாம் வெளிய இருந்தே வந்துட்டு இருந்தா ஊருக்குள்ள பெருசா ஒண்ணும் நிக்காது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாருங்க, பெரிய கம்பெனிய சுத்தி சீட்டு, வயரிங், பிளாஸ்டிக்னு சின்ன சின்ன யூனிட் எத்தன இருக்கு, உண்மையான வேலை அங்கதான். எங்க சித்தி பையன் டிப்ளமோ முடிச்சுட்டு ஓசூர்ல ரூம் எடுத்து கெடக்கான், "ஊர்லயே வேலை கெடச்சா நாளைக்கே பஸ் ஏறிருவேன்ணே"ங்கான். சித்தி இப்பவே பொண்ணு பாக்க ஆரம்பிச்சுட்டாக.